கீழாநெல்லியும் கல்லீரலும்

வீட்டில் ஒருவருக்குக் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் படர்ந்து, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இறங்கி, சோற்றைக் கண்டாலே குமட்டல் எடுக்கத் தொடங்கினால், தமிழ்நாட்டுக் கிராமங்களில் வைத்தியரைத் தேடிப் போவதற்கு முன்பே யாராவது ஒருவர் வாய்க்கால் ஓரத்துக்குச் சென்று கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்துவிடுவார். அதை அலசி, அம்மியில் மை போல் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, விடியற்காலையில் வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். எண்ணெய் கூடாது, தாளிதம் கூடாது, சில வீடுகளில் உப்புக்கூடக் கூடாது. மோர்ச்சோறும் இளநீருமாக மூன்று நான்கு வாரங்கள் கழியும். பிறகு ஒரு நாள் நோயாளி தானே எழுந்து வந்து பசிக்கிறது என்பார், கண் தெளியும், அன்றோடு அந்தச் சிறு செடியின் பெருமை அத்தெருவில் இன்னொரு தலைமுறைக்கு நிலைபெற்றுவிடும்.

அந்தப் பெருமையைப் பரிகாசம் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று; உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஒருவரே அதை மதித்து இச்செடியை ஆராய முன்வந்தார் என்பதைப் பின்னால் காண்போம். ஆனால் நோய் குணமான மகிழ்ச்சியில் எவரும் கேட்காமல் விட்டுவிடும் ஒரு கேள்வி இருக்கிறது. அவரைக் குணப்படுத்தியது செடியா, பத்தியமா, ஓய்வா, அல்லது இவற்றில் எதுவும் இல்லாவிட்டாலும் தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டிருக்கக்கூடிய அவருடைய கல்லீரலா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கு முன், கல்லீரல் என்பது என்ன, காமாலை என்பது என்ன என்று சற்றே நிதானமாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

வயிற்றின் வலப்புறத்து மேற்பகுதியில், விலா எலும்புகளின் காவலில், சுமார் ஒன்றரைக் கிலோகிராம் எடையுடன் அமைந்திருப்பது கல்லீரல். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம் அதனுள் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து நேராக வருவது. நாம் உண்ணும் அன்னமும் அருந்தும் கஷாயமும் விழுங்கும் மாத்திரையும் குடற்சுவரைக் கடந்ததும் பெரும்பாலும் முதலில் வந்து நிற்குமிடம் இந்த உறுப்பேயாகும். சர்க்கரையைச் சேமித்து வைப்பதும், இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குவதும், விஷங்களைச் சிதைத்து வெளியேற்றுவதும், கொழுப்பைச் செரிக்கப் பித்தநீரைச் சுரப்பதும் இதன் அன்றாடப் பணிகள். இரத்தச் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். ஆயுள் முடிந்த அணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. அதை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடுவதும் கல்லீரலின் கடமையே. அக்கடமை தடைப்பட்டால் மஞ்சள் இரத்தத்தில் தங்கி, கண்ணிலும் தோலிலும் ஏறுகிறது. குடலுக்குப் போகாததால் மலம் வெளிறுகிறது. சிறுநீரக வழியே இறங்குவதால் சிறுநீர் கறுக்கிறது. ஆகவே காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று, பல நோய்களுக்குப் பொதுவானதோர் அடையாளம் மட்டுமே. பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் அது வரும், குடியினால் ஈரல் கெட்டாலும் வரும், எலிக்காய்ச்சலிலும் வரும், வைரஸ் என்னும் நுண்ணுயிர் ஈரலில் குடிபுகுந்தாலும் வரும்.

ஈரலையே தமக்கு உறைவிடமாகக் கொண்டு, ஹெப்படைட்டிஸ் எனப்படும் ஈரல் அழற்சியைத் தரும் வைரஸ்கள் முக்கியமாக ஐந்து. ஏ, பி, சி, டி, இ என்று ஆங்கில எழுத்துக்களால் அவற்றை அழைக்கிறார்கள். இவற்றுள் ஏயும் இயும் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுபவை. பெரும்பாலும் சில வாரங்கள் துன்பம் தந்துவிட்டு நீங்கிப் போகிறவை. பியும் சியும் இரத்தத்தின் வழியே பரவுபவை. பி தாயிடமிருந்து சிசுவுக்கும், உடலுறவாலும் தொற்றுவது. டி என்பது பி இருக்கும் உடலில் மட்டுமே பிழைக்கக்கூடிய ஒட்டுண்ணி. நீரால் வரும் காமாலை எவ்வளவு பெரிதாகப் பரவக்கூடும் என்பதற்கு 1955-ஆம் ஆண்டின் இறுதியில் டில்லி மாநகரம் கண்ட கொள்ளைநோய் நிலையான சாட்சி. யமுனை நதியின் போக்குச் சற்று விலகியதால் சாக்கடை நீர் குடிநீர் எடுக்குமிடத்தில் கலந்து, அடுத்த சில வாரங்களில் 29,000-க்கும் மேற்பட்டோர் மஞ்சள் பூத்தனர். அதை ஏ வகை என்றே நெடுங்காலம் கருதியிருந்தார்கள். சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைக் கால் நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் சோதித்தபோது அது ஏ அன்று என்று தெரிந்தது. பிற்பாடு இ என்று பெயர் பெற்ற புது வைரஸின் கைவேலை அது என்பது விளங்கிற்று. அந்த இ வைரஸே, மற்றவர்களிடம் பெரும்பாலும் சாதுவாக நடந்துகொண்டாலும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருக்கும் பெண்ணைத் தாக்கும்போது நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேரின் உயிரைக் கவரக்கூடிய கொடியதாக மாறிவிடுகிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். வைரஸ் புகுந்த ஈரல் அணுக்களைப் பெரும்பாலும் அழிப்பது வைரஸ் அன்று. அதை ஒழிக்க வரும் நம் சரீரத்தின் காவற்படையே திருடன் ஒளிந்த வீட்டை இடிப்பதைப் போல அவ்வணுக்களை அழிக்கிறது. இடிந்ததை மீண்டும் கட்டும் ஆற்றலோ கல்லீரலுக்கு இயற்கையே வழங்கியிருக்கிறது. ஹிக்கின்ஸ், ஆண்டர்ஸன் என்னும் இருவர் 1931-இல் எலிகளின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அறுத்தெடுத்துவிட்டுப் பார்த்தபோது, எஞ்சிய ஒரு பங்கு ஓரிரண்டு வாரங்களுக்குள் பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டதைக் கண்டார்கள். இன்று உயிரோடிருக்கும் ஒருவர் தம் ஈரலில் பாதியை இன்னொருவருக்குத் தானம் செய்ய முடிவதும் இந்த வளர்ச்சியின் பலத்தினால்தான். இந்த ஆற்றலுக்கு மனிதரிடத்தில் ஒரு மாபெரும் சோதனை, ஒருவரும் விரும்பாமலேயே, இரண்டாம் உலக யுத்தத்தின்போது நிகழ்ந்தது. 1942-இல் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் போட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மருந்தில் மனித இரத்தத்தின் ஊநீர் (சீரம்) சேர்க்கப்பட்டிருந்தது. அதில் மறைந்திருந்த வைரஸால் சுமார் 50,000 வீரர்கள் காமாலையில் படுத்தார்கள். அவர்களை 45 ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துச் சோதித்தவர்கள் 1987-இல் வெளியிட்ட முடிவின்படி, வந்தது பி வைரஸே. ஆனால் அது உடலிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்கள் மிகச் சிலரே. அந்த வைரஸை ஒழிக்கும் மருந்து ஒன்றும் உலகில் இல்லாத காலத்தில், கீழாநெல்லி என்ற பெயரையே கேட்டிராத அந்த இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர் தாமாகவே குணமடைந்தார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் பாடத்தை நம்மூர்ப் பழமொழி ஒன்றே சொல்லிவிடுகிறது: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஏ வைரஸால் வரும் காமாலை நாட்பட்ட நோயாவதே இல்லை. இ வைரஸும் திடகாத்திரமானவர்களிடம் அப்படியே. வயது வந்தபின் பி தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அதைத் தாமே வென்றுவிடுகிறார்கள். இப்படிப்பட்ட நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அது கைகண்ட ஔஷதமாகத்தான் தோன்றும். சுண்ணாம்பு நீரில் கையைக் கழுவி மஞ்சளை இறக்குவதாகச் சொல்லும் மாந்திரீகனுக்கும், மூலிகை தருபவருக்கும், குளுக்கோஸ் ஏற்றும் டாக்டருக்கும் வெற்றி ஒன்றுபோலவே வந்து சேருகிறது. பனம்பழம் விழவிருந்ததா, காக்கை விழத்தள்ளியதா என்று அறிய வேண்டுமானால், காக்கை உட்காராத மரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதாவது, ஒத்த நிலையில் உள்ள நோயாளிகளை இரு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு மட்டும் சிகிச்சையைத் தந்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

இம்முறையில் முதலில் பரீட்சிக்கப்பட்டவற்றுள் பத்தியமும் படுக்கையும் இருந்தன என்பது நமக்குச் சுவையான செய்தி. கொரிய யுத்தத்தின்போது காமாலை கண்ட அமெரிக்கச் சிப்பாய்களை ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் வைத்துப் பராமரித்த டாக்டர் தாமஸ் சாமர்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், அசையாமல் படுத்துக் கிடக்கும்படி சிலரையும், உண்டபின் ஒரு மணிநேர ஓய்வைத் தவிர மற்ற நேரங்களில் இஷ்டம்போல் நடமாடும்படி சிலரையும் விட்டு, ஆகாரத்தையும் அவ்வாறே அணியணியாக மாற்றிப் பார்த்து, தம் முடிவுகளை 1955-இல் வெளியிட்டார்கள். நடமாடியவர்கள் படுத்துக் கிடந்தவர்களைவிடத் தாமதமாகக் குணமடையவில்லை. புரதமும் சக்தியும் நிறைந்த ஆகாரத்தை நன்றாக உண்டவர்கள் சற்று விரைவாகவே தேறினார்கள். களைப்பாக இருக்கும்போது படுப்பதும், தெம்பு வந்தபின் எழுந்து நடப்பதும் போதும் என்பதுதான் அன்றிலிருந்து வைத்தியர்களின் பொது அபிப்பிராயம். கொழுப்பு மிகுந்த பண்டம் குமட்டலைக் கிளப்புமானால் அதை அப்போதைக்குத் தள்ளிவைப்பது இயல்பானதே. ஆனால் ஈரலுக்கு ஆகாது என்று சொல்லிப் பருப்பையும் முட்டையையும் மீனையும் விலக்கி, உப்பில்லாக் கஞ்சியில் ஒரு மாதம் ஆளை வாட்டி எடுப்பது, வீடு கட்டிக்கொண்டிருக்கும் கொத்தனாரிடமிருந்து செங்கல்லைப் பறித்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

பத்தியத்தின் கதை இதுவானால், மூலிகையின் கதை இதைவிட விரிவானது. பரூக் ப்ளம்பர்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் இனம்புரியாத ஒரு புரதத்தைக் கண்டு 1965-இல் அறிவித்தார்; அது பி வைரஸின் மேலுறை என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்த உறையைக் கொண்டே தடுப்பூசி செய்யலாம் என்ற வழியும் அவருக்கும் அவருடைய சகாவான இர்விங் மில்மனுக்கும் தோன்றியது; 1976-இல் ப்ளம்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி வராமற் காக்கும். வந்து தங்கிவிட்ட வைரஸை விரட்ட என்ன செய்வது என்று தேடிய அவருடைய குழு, உலகெங்கும் காமாலைக்கு வழங்கும் மூலிகைகளின் பக்கம் பார்வையைத் திருப்பியபோது, கீழாநெல்லி அவர்கள் கண்ணில் பட்டது. அதன் சாறு சோதனைக் குழாயில் வைரஸின் இனப்பெருக்கத்துக்கு வேண்டிய நொதியைத் தடுப்பதாகவும், பி வைரஸுக்கு உறவான வைரஸை உடைய வட அமெரிக்க மர்மோட் என்னும் பிராணியிடத்தில் பலன் தருவதாகவும் 1987-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே, சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தியாகராஜனும் அவரைச் சேர்ந்தோரும் ப்ளம்பர்க்குடன் கூடிச் செய்த சோதனையின் முடிவு லண்டனின் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. பி வைரஸை உடலில் சுமந்திருந்தவர்களுக்கு நாள்தோறும் மூன்று வேளை, வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் உறைப்புரதம் மறைந்துவிட்டது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

இந்த எண்கள் எவ்வளவு வியப்புக்குரியவை என்பதை உணர, அப்படிப்பட்டவர்களுக்கு அப்புரதம் தானாக மறைவது ஆண்டொன்றுக்கு நூற்றில் ஒருவர் என்ற அளவில்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கே காக்கை உட்காராத மரமும் பக்கத்திலேயே இருந்தது. பழம் ஒன்றுதான் விழுந்தது. வாய்க்கால் கரைச் செடி உலக வைத்தியத்தையே மாற்றிவிடும் என்று பலர் எதிர்பார்த்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் விஞ்ஞானத்தின் தர்மம் ஒன்று உண்டு: ஓரிடத்தில் ஒருவர் கண்டதை வேறிடத்தில் வேறொருவரும் காண வேண்டும். தாய்லாந்து மருத்துவர்கள் தம் நாட்டுக் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, வைரஸ் அகலவில்லை என்று 1990-இல் அதே ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார்கள். நியூஜிலாந்திலும் 1994-இல் அதே ஏமாற்றம். மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் செடியின் சத்து மாறுபடுவதும், கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் அதன் உறவுச் செடிகள் பலவும் வழங்குவதும் இந்த முரண்பாட்டுக்குக் காரணமாகலாம் என்று வாதிக்க இடமுண்டு. அவ்வாதத்தையும் மனத்தில் கொண்டுதான் உலகத்துச் சோதனைகளையெல்லாம் ஒன்றுதிரட்டி 2011-இல் காக்ரேன் ஆய்வுக் குழுவினர் சீர்தூக்கிப் பார்த்தார்கள் எனலாம். நாட்பட்ட பி நோய்க்கு இச்செடி வெற்று மருந்தைவிட மேலானது என்று நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்பதே அவர்களுடைய முடிவு. கீழாநெல்லியைக் கைவிடுவதற்கு இது காரணமாகாமல் இருக்கலாம். ஆனால் அதை நம்பி வேறு சிகிச்சையைக் கைவிடுவதற்கு இனி எவருக்கும் நியாயமில்லை.

மேல்நாட்டாருக்கும் ஒரு கீழாநெல்லி உண்டு. பால்முட்செடி என்று சொல்லத்தக்க அந்தச் செடியின் விதைச் சத்தான ஸிலிமரினை, அங்கே ஈரல் நோயாளிகள் தாமாகவே வாங்கி உண்கிறார்கள். கொடிய காளானைத் தின்று ஈரல் கெட்டவர்களுக்கு அதன் ஒரு கூறை ஊசி வழியே தருவதுமுண்டு. எனினும் ஹெப்படைட்டிஸ் சி உடைய 154 பேரிடம் வழக்கத்தைவிட அதிகமான அளவில் 24 வாரங்கள் கொடுத்துச் சோதித்தபோது, வெற்று மாத்திரையைக் காட்டிலும் அது ஒன்றும் அதிகமாகச் சாதிக்கவில்லை என்று 2012-இல் தெரிந்தது. நம் அதிமதுரத்தின் சத்தை ஜப்பானியர் பல ஆண்டுகளாக ஊசி மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். அது ஈரல் அழற்சியின் அளவுகளைத் தணிக்கிறது, ஆனால் வைரஸை ஒழிப்பதில்லை. மேலும் அதிமதுரத்தை மிகுதியாக நெடுநாள் உண்டால் உடலில் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும். பலன் உள்ள பொருளுக்குப் பக்கவிளைவும் இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இயற்கைப் பொருள் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழ வேரூன்றியிருப்பதால் இவ்விடத்தில் சற்று நின்று யோசிப்பது அவசியம். எட்டியும் ஊமத்தையும் இயற்கை தந்தவையே. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி வேண்டிப் பலரும் சீந்திற்கொடிக் கஷாயத்தை மாதக்கணக்கில் குடித்ததில், சிலருக்கு ஈரல் அழற்சி கண்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு நாட்டின் 13 மருத்துவ நிலையங்களிலிருந்து அத்தகைய 43 நோயாளிகளின் விவரம் வெளியாயிற்று. வேறு இனக் கொடியை மாற்றி உண்டிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. மறுப்பு நியாயமானதென்றே கொண்டாலும், எது எந்தக் கொடி என்று பிரித்தறியாமல் குடிப்பதன் அபாயத்தை அது குறைத்துக் காட்டவில்லை. சமையலில் சேரும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அதன் சத்தைப் பிழிந்து, குடல் அதிகமாக உறிஞ்சும்படி மிளகின் சத்தையும் கூட்டி மாத்திரையாக்கி உண்டவர்களில் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை அமெரிக்க மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஈயமும் பாதரசமும் கலந்த பஸ்பங்களைத் தகுதியற்றவர் கையால் வாங்கி உண்பதன் கேட்டைச் சொல்லவே வேண்டாம். எல்லா மருந்துக்கும் முதல் வாயிற்காவலன் கல்லீரலே என்று முன்பு சொன்னோம். காவலன் காயப்பட்டுக் கிடக்கும்போது, அவன் பரிசோதிக்க வேண்டிய மூட்டைகளைக் கூட்டுவது அவனுக்குச் செய்யும் உதவியாகாது.

அப்படியானால் ஈரலுக்கு உதவும் இயற்கை வழி ஒன்றுமே இல்லையா? இருக்கிறது; அது பெரும்பாலும் சேர்ப்பதில் இல்லை, நீக்குவதில் இருக்கிறது. முதலில் நீக்க வேண்டியது மது. வைரஸும் மதுவும் கூடினால் ஈரல் தழும்பேறி இறுகும் வேகம் பன்மடங்காகிறது; அழற்சி இருக்கும் காலத்தில் இதில் ‘கொஞ்சம்’ என்ற அளவே இல்லை. அடுத்தது, காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் எண்ணாமல் விழுங்கும் பாரசிட்டமால். நாட்பட்ட ஈரல் நோயாளி அதை நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மிகாமல், அதுவும் வைத்தியரைக் கேட்டபின்னரே, உட்கொள்வது உத்தமம். மூன்றாவது, ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்த வேர்க்கடலையும் சோளமும். அப்பூசணத்தின் விஷமான அப்ளடாக்ஸினை உண்டவர்க்கு ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மும்மடங்கு, பி வைரஸ் உள்ளவர்க்கு ஏழு மடங்கு, இரண்டும் சேர்ந்தவர்க்கோ அறுபது மடங்கு என்று ஷாங்காய் நகரத்து ஆடவர்களைக் கவனித்து 1990-களில் கணக்கிட்டார்கள். கசந்த கடலையை அள்ளிப் போட்டுவிடும் நம் பாட்டிமார் பழக்கத்துக்கு இதைவிட வலுவான விஞ்ஞான ஆதரவு வேறு கிடைக்குமா என்பது சந்தேகமே.

சேர்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சமமான ஆகாரமே போதும். நாட்பட்டு ஈரல் இறுகியவர்கள் நெடுநேரம் பட்டினி கிடக்காமல், படுக்கப் போகுமுன் ஒரு சிற்றுண்டி உண்டால் தசை கரைவது குறைகிறது. பருமனைக் குறைத்து, சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைத்தால், வைரஸோடு கொழுப்பும் சேர்ந்து ஈரலைத் தாக்குவது தவிர்க்கப்படும். காப்பிப் பிரியர்களுக்கு ஒரு நற்செய்தியும் உண்டு: ஹெப்படைட்டிஸ் சியால் ஈரலில் தழும்பு விழுந்தவர்களை அமெரிக்காவில் பல ஆண்டுகள் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாளுக்கு மூன்று கோப்பைக்குக் குறையாமல் குடித்தவர்களுக்கு நோய் முற்றும் வேகம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. இது ஒருங்கே கண்ட செய்தியே தவிர, காப்பி குணப்படுத்தும் என்ற நிரூபணம் அன்று; இருந்தாலும் ஈரல் கெட்டுவிடும் என்று பயந்து காலைக் காப்பியைத் துறக்க வேண்டியதில்லை. காமாலைக்கு நல்லது என்று தெருவோரத்தில் வாங்கித் தரும் கரும்புச்சாறோ யோசிக்கத்தக்கது. கொதிக்காத நீரில் செய்த ஐஸ் அதில் மிதக்குமானால், நோயை விரட்ட வாங்கியதே நோய் வந்த வழியாகவும் இருக்கலாம். நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்பதும், கழிவறைக்குப் போய்வந்தபின் சோப்பால் கை கழுவுவதும் எந்த மூலிகையும் தர முடியாத காப்பை முழு வீட்டுக்கும் தருபவை.

இவ்வளவும் தானே ஆறும் நோயைப் பற்றியது. தானே ஆறாத நோயும் அதே மஞ்சள் முகத்தோடு, பல வேளைகளில் மஞ்சளே இல்லாமல், வருவதுதான் இவ்விஷயத்தில் உள்ள உண்மையான ஆபத்து. வயது வந்தவரை விட்டு எளிதில் அகலும் பி வைரஸ், பிறக்கும்போதே தாயிடமிருந்து பெற்ற சிசுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் ஆயுள் முழுதும் தங்கிவிடுகிறது. சி வைரஸ் தொற்றியவர்களில் ஏறக்குறைய எழுபது சதவீதத்தினரிடம் அது நிலைத்துவிடுகிறது. இருபது முப்பது ஆண்டுகள் ஓசையின்றி ஈரலைத் தழும்பாக்கி, வயிற்றில் நீர் கோத்த பின்னரோ புற்றுநோய் கண்ட பின்னரோதான் இவை வெளிப்படும். 2022-ஆம் ஆண்டில் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேரிடம் பியும், 5 கோடிப் பேரிடம் சியும் குடியிருந்தன என்றும், அவ்வாண்டில் வைரஸ் ஈரல் அழற்சியால் 13 லட்சம் பேர் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. கீழாநெல்லி உண்டு கண் தெளிந்துவிட்டது என்று இத்தகைய ஒருவர் திருப்தியடைந்தால், தெளிந்தது கண் மட்டுமே.

இவர்களுக்கு இன்று வழி இருக்கிறது. சி நோயை எட்டு அல்லது பன்னிரண்டு வாரங்கள் மாத்திரை உண்பதனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அடியோடு குணப்படுத்திவிடலாம். பத்து ஆண்டுகளுக்குச் சற்று முன்புவரை கனவாக இருந்த காரியம் இது. பி நோயை ஒழிக்க முடியாவிட்டாலும், நாளுக்கு ஒரு மாத்திரையால் அடக்கிவைக்கலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் சிசுவுக்குப் போடும் தடுப்பூசியோ அது வராமலே காக்கிறது. 1984-இல் தேசம் முழுதும் இத்தடுப்பூசியைத் தொடங்கிய தைவானில், பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளுக்குள் சிறுவர்களுக்கு வரும் ஈரல் புற்றுநோய் பாதியாகக் குறைந்தது. நம் நாட்டிலும் சோதனையையும் மருந்தையும் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாக அளிக்கும் தேசியத் திட்டம் 2018 ஜூலை 28-ஆம் தேதி தொடங்கப்பட்டது. உலக ஹெப்படைட்டிஸ் தினமான அந்த நாள், நம் கீழாநெல்லியைச் சோதித்துப் பார்த்த அதே ப்ளம்பர்க்கின் பிறந்த நாள்.

தாமதிக்கவே கூடாத வேளைகள் சிலவற்றையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். காமாலை கண்டவர் பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தாலும், பேச்சுக் குழறினாலும், ஆளை அடையாளம் தெரியாமல் தடுமாறினாலும், பல் ஈறிலோ மலத்திலோ இரத்தம் கண்டாலும், வயிறு உப்பினாலும், வாந்தி நிற்காமலிருந்தாலும், நோய் கண்டவள் கர்ப்பிணியாக இருந்தாலும், அது மோரில் கலக்கிக் கொடுத்துக் காத்திருக்கும் நேரமன்று. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் நேரம்.

கீழாநெல்லிக்கு அப்பெயர் வந்த காரணம் எளிமையானது. மேலிருந்து பார்த்தால் இலைக்காம்பின் இருபுறமும் அடுக்கடுக்கான சிற்றிலைகள் மட்டுமே தெரியும். காம்பைப் புரட்டினால்தான் அடியில் நெல்லிக்காய் வடிவில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். நம் மூதாதையர் அந்தச் செடியைப் புரட்டிப் பார்த்தே பெயரிட்டார்கள். காமாலையையும் அவ்வாறே புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் இக்கட்டுரை வற்புறுத்துவது ஒன்றுமில்லை. அம்மியில் அந்தச் செடி அரைபடும் அதே காலையில், நோயாளியின் இரத்தம் ஒரு சிறு குழாயில் சோதனைச்சாலைக்குப் போகட்டும். ஏ என்றோ இ என்றோ விடை வந்தால், மோரைக் குடித்து, வயிறார உண்டு, அபாய அறிகுறிகளை மட்டும் கவனித்துக்கொண்டு, ஈரல் தன் வீட்டைக் கட்டி முடிக்கும்வரை பொறுத்திருக்கலாம். பி என்றோ சி என்றோ வந்தால், அந்த வீட்டுக் குழந்தைகளையும் மற்றவர்களையும்கூட அழைத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் புறப்பட வேண்டும்.